எல்லாக் கிராக்கியும் முதல் போணி

கம்பளி வியாபாரத்தில் சரக்கு பாதி, ஞாபகம் பாதி. கொடைக்கானல் ஏரி ரோட்டில் ஸ்வெட்டர், சால்வை, குல்லா விற்கிற எங்கள் வரிசையில் எந்தக் கடையிலும் விலைச்சீட்டு கிடையாது. வாயால் சொல்வதுதான் விலை. யாருக்கு என்ன சொன்னோம், எதுவரை இறங்கினோம், எதில் பிடிவாதமாக நின்றோம் என்பதெல்லாம் மண்டைக்குள்தான் கிடக்கும். என்னை மாதிரி நாள் முழுக்கக் கடையில் நின்று பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றலாம். மண்டை வீங்கினால் என்ன ஊற்றுவது?

நான் வில்பட்டிக்காரி. பேர் பாக்கியம். அஞ்சாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காரட் கழுவப் போனேன். பிறகு ஏரிக்கரையில் வேர்க்கடலை, பிறகு தோளில் போட்டுக் குல்லா, பிறகு இந்தக் கடை. கைதூக்கி விட்டவர்கள் யாரும் இல்லை. தள்ளி விட்டவர்கள் உண்டு, அவர்களைப் பேர் பேராக ஞாபகம் இருக்கிறது. கோபம் எனக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கும், நான் பின்னால் போவேன்.

திரும்பி வந்த கிராக்கி

கோயமுத்தூர்க்காரர் ஒருவர் காலையில் வந்து மெரூன் கலர் ஸ்வெட்டரைப் புரட்டினார். விலை சொன்னேன். பாம்பை மிதித்தவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசி வரை போனார். கவலைப்படவில்லை. கடைசிக் கடைக்கு அந்தப் பக்கம் சவாரிக் குதிரைகளின் சாணம்தான், திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினார். "காலையில நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்" என்று நான் சொன்னதில் பாதியைச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சாமி, நீங்க வந்தப்ப ஒரு கையில சோளக்கருது, ஒரு கையில உங்க பாப்பா. சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. சாயம் போகுமான்னு உங்க வீட்டம்மா கேட்டாங்க. போனா என் மூஞ்சியில அடிங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் சொன்ன வெலை இது" என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மனிதர் பர்ஸை எடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். யோசித்தேன், யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. அன்றாட ஞாபகம் அப்படித்தான். பொழுது சாய்ந்து கடைக்கு வெளியே தொங்குகிற துணியை எல்லாம் உருவி மூட்டை கட்டும்போது, அதையும் சேர்த்து உருவிவிடுவோம். மறுநாள் யாரோ ஒருவர் ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து கை ஆட்டினார். வாங்க சார், ஸ்வெட்டர் பாக்கலாம் என்று கூப்பிட்டேன். அவர் போட்டிருந்ததே மெரூன் ஸ்வெட்டர். அவர் சொன்னார்:

"நேத்து என் சட்டைப் பட்டன் வரைக்கும் சொன்னீங்க, இன்னைக்கு ஆளையே தெரியலையாக்கா?"

சால்வை என்ன கலர்

அன்றாட ஞாபகம் இப்படி ஒழுகும் என்றால், ஆயுசு ஞாபகம் வேறு ஜாதி. அது ஒழுகாது, ஊறும். தலை நரைத்த தம்பதி ஒன்று மாயவரத்திலிருந்து வந்தது. கல்யாணமான புதுசில் இதே ஏரிக்கரைக்கு வந்தார்களாம். சார் என் கடை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைக்கு மூடுபனி, படகில் முன்னால் இவர், பின்னால் வீட்டம்மா, இறங்கியதும் ஒரு பச்சைச் சால்வை வாங்கிக் கொடுத்தார், அம்மா அதைப் போர்த்திக்கொண்டு சிரித்தார், பல்லில் சோளத் தோல் ஒட்டியிருந்தது. கேட்ட எனக்கே அந்தப் படகில் நானும் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

இவ்வளவும் சொன்னவர், வந்த காரை எங்கே நிறுத்தினார் என்று தெரியாமல் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் என் கடைக்கு வந்திருந்தார். அதே மாதிரிப் பச்சைச் சால்வை ஒன்றை எடுத்துப் போட்டேன். அம்மா அதைத் தொடவில்லை. சால்வையே வாங்கவில்லை என்றார், படகில் ஏறவும் இல்லை, தண்ணீர் என்றால் தனக்குப் பயம் என்றார். சார் விடவில்லை. நான் நடுவில் சிக்கிக்கொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"இவருக்கு அன்னைக்கு நடந்ததெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும்மா, கூட வந்தது நானாங்கறதுலதான் எனக்குச் சந்தேகம்."

ஆணியும் ஹாங்கரும்

என் பக்கத்துக் கடை ராமாயி அக்காவுடையது. சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். என்னைவிட மூத்தவள். புருசன் போய்ச் சேர்ந்து, ஒரே மகன் சரவணன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன பிறகும், தன்னந்தனியாகக் கடையை நடத்தினாள். வில்பட்டியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவள் வீடு. ஆனால் வருசக்கணக்காக எங்களுக்குள் பேச்சு கிடையாது. "அவளோட நா கதைக்கிறதில்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத்தையும் அடித்து நிறுத்திவிட்டாள்.

காரணம் ஒரு ஹாங்கர். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முதல் விற்பனை போணி. போணிக்கு வந்த கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அசலுக்குக் கீழே இறங்கியாவது கொடுத்து, வாங்கிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகு, விற்ற துணி தொங்கிய வெறும் ஹாங்கரைக் கடையின் முன்கம்பத்து ஆணியில் மாட்டுவோம். அது தொங்காத கடைமுன் நிற்கிற கிராக்கியைப் பக்கத்துக் கடைக்காரர் கூப்பிடக் கூடாது. தொங்கினால் கூப்பிடலாம், கையைப் பிடித்து இழுத்தாலும் கேள்வி இல்லை. ஒரு மழைநாள் காலையில் ராமாயி அக்கா கடை ஆணியில் ஹாங்கர் தொங்கியது. என் இரண்டு கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவள் கடைமுன் நின்றவர்களைக் கூப்பிட்டேன். வந்தார்கள், வாங்கினார்கள். அக்கா வெளியே ஓடிவந்து, "எனக்குப் போணியே ஆகல. என் ஆணியில ஹாங்கர மாட்டுனது நீதாண்டி!" என்றாள். நான் மாட்டவில்லை. இன்றைக்கும் எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன், மாட்டவில்லை.

அந்தச் சண்டையை அக்கா தினமும் எடுத்து, உதறி, மடித்து வைப்பாள். எடுக்க எடுக்க அது வளர்ந்தது. முதலில் நான் இழுத்தது ஒரு குடும்பம், பிறகு அது ஒரு வேன், போன சீசனில் ஒரு பஸ்ஸே ஆகிவிட்டது. நியாயமாகச் சொன்னால், என் கதையிலும் அன்றைய மழை வருசா வருசம் பலத்துக்கொண்டுதான் வருகிறது. எங்களுக்கு எதிரே சோளக்கருது சுடுகிற அந்தோணிதான் அன்றைக்கு நடுவில் நின்ற ஆள். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கருதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"எனக்குத் தெரிஞ்சு ஒரு புருசன் பொஞ்சாதிதான் வந்தாக, ராமாயிக்கா சொல்ற பஸ்ஸ நிறுத்துறதுக்கு நம்ம ரோட்டுல எடமே இல்லியே!"

கைராசிக்காரர்கள்

போன வருசம் பூஜை லீவு. ரோடு நிறையக் கூட்டம், என் கடையில் ஈ. வருகிறவர்கள் எல்லாம் தகரத்துக்கு அந்தப் பக்கமே போனார்கள், சிரித்துக்கொண்டே பையோடு வந்தார்கள். நான் எவ்வளவு இறங்கினாலும், "பக்கத்துல இதவிடக் கம்மிக்கா" என்றார்கள். என் அசலுக்கும் கீழே அவள் விலை. இவள் என்னைக் கடையைக் கட்ட வைப்பதற்கே விற்கிறாள் என்று எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

ராமநாதபுரத்திலிருந்து ஒரே வேனில் வந்த கூட்டத்தை மறித்து, அங்கே அப்படி என்னதான் விலை சொல்கிறாள் என்று கேட்டேன். ஒருத்தி காலையில் வாங்கினாளாம், இன்னொருத்தி மத்தியானம், மூன்றாமவள் அப்போதுதான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவள்தான் பூரிப்போடு சொன்னாள்:

"நாங்க மூணு பேரும் வேற வேற நேரத்துல போனோம், மூணு பேருமே அவங்களுக்கு மொதப் போணியாம்; எங்க கைராசிய நெனச்சா எங்களுக்கே பெருமையா இருக்குக்கா!"

மப்ளர்

சண்டை போடச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தகரத்தைச் சுற்றிப் போனேன். பொழுது மேற்கே இறங்கிவிட்டது. ராமாயி அக்கா ஒரு நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். விடிகாலையில் முதல் கிராக்கி வந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அந்த வெளிச்சம் அப்படியே. விற்ற துணியின் ஹாங்கரை ஆணியில் மாட்டக் கையில் எடுத்தாள். யாரோ குல்லா விலை கேட்டார்கள். திரும்பிப் பதில் சொன்னாள். கையில் ஹாங்கர் எதற்கு என்று ஒரு கணம் பார்த்தாள், பிறகு அதை உள்ளே இருந்த மற்ற ஹாங்கரோடு சேர்த்துப் போட்டுவிட்டு, "நீங்கதான் போணி, கொறைச்சே எடுத்துக்கங்க" என்றாள். ஆணி வெறுமனே இருந்தது. நான் கொண்டுபோன வசவை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தேன்.

மறுநாள் இரண்டு டீ வாங்கிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் முதலில் ஏசினாள். நான் நகரவில்லை. பழசை விடுக்கா என்றேன். வயசாகிப் போச்சுக்கா, இன்னும் எத்தனை சீசன் என்றேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். தன் கடையிலிருந்து ஒரு நீல மப்ளரை எடுத்து என் கழுத்தில் அவளே சுற்றிவிட்டாள். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் அந்த மப்ளரோடு, கையில் டீயோடு, சிரித்தபடி போய் நின்றேன். ராமாயி அக்கா என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என் கடை மப்ளரத் திருடி, என் முன்னாலயே கழுத்துல சுத்திக்கிட்டு வர்றா பாருங்க, என்னா துணிச்சல்!"

டாக்டரம்மா சொன்ன கணக்கு

அதற்குப் பிறகு பல காலை சமாதானம் ஆனோம், பல காலை அது காணாமல் போனது. சண்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. மதுரையிலிருந்து குல்லா வாங்க வந்த டாக்டரம்மாவிடம் பேரத்துக்கு நடுவே கேட்டேன். "நேத்து நாங்க கட்டிப் புடிச்சு அழுதது ஞாபகம் இல்ல. எந்தக் காலத்துலயோ தொங்குன ஹாங்கர் ஞாபகம் இருக்கு. இது என்னம்மா நியாயம்?" அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். இப்போது நடப்பதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற ஞாபகம் ஒன்று, நாள்பட நிற்கிற ஞாபகம் ஒன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு விசயம் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது, சிலருக்கு வயதான காலத்தில் அந்த வழி தூர்ந்துபோகும், பரிசோதனை பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு அது என் பாசையில் புரிந்தது. கடை முன்னால் தொங்குகிற சரக்கு ஒன்று, குடோனில் கிடக்கிற சரக்கு ஒன்று. அக்காவுக்குக் குடோன் நிறைய இருக்கிறது, சாயங்காலம் மூட்டையை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்தான் வேலைக்கு வரவில்லை. "அப்ப நான் எத்தன டீ வாங்கிக் குடுத்தாலும் வீண்தானா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். அப்படிச் சொல்ல முடியாது என்றார். நடந்தது மறந்தாலும், நடந்தபோது மனசில் பட்டது சில சமயம் தங்கிவிடுமாம், என்ன என்று தெரியாமலே. டாக்டரம்மா குல்லாவைத் தலையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேச்சுல இந்தக் குல்லாவுக்கு நீங்க சொன்ன விலை எனக்கும் மறந்துபோச்சு; திரும்பச் சொல்லுங்க, கொஞ்சம் கொறைச்சு."

திருப்பூர் போய் வந்த கதை

சரவணனுக்குப் போன் போட்டேன். ஓடி வந்தான், மதுரையில் காட்டினான். டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான். மாத்திரை கொடுத்தார்கள், முழுசாகத் திரும்பாது என்றும் சொன்னார்கள். அம்மாவைத் திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போனான். மருமகள் நல்லவள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புது வீட்டில் அக்காவுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. எது குளியலறை, எது சமையலறை என்று தினமும் புதுசாகக் கேட்டாள். ஒருநாள் விடியும் முன் எழுந்து தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "பெரட்டுக்கு நேரமாச்சு" என்றாள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்குப் பேர் பெரட்டு. அது திருப்பூரில் யாருக்குத் தெரியும்? அவளைக் கண்டுபிடிக்கப் பாதி நாள் ஆனது. பயந்துபோய் மறுபடி மலைக்குக் கூட்டிவந்தான். ஆனால் விடுவதற்கு அல்ல. கடையைக் காலி பண்ணி, சரக்கை விற்றுவிட்டு, ஒரேயடியாகக் கூட்டிப்போவதற்கு.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். இவ்வளவு விடாப்பிடியாகப் பேசியதில்லை. "அங்க பூட்டி வப்பியாடா? இங்க கண்ணக் கட்டி விட்டாலும் அவளுக்கு எந்தச் சைசு எங்க இருக்குன்னு தெரியும். இந்தக் கடைதான் அவ ஞாபகம். இதையும் காலி பண்ணிட்டா, மிச்சம் என்னடா இருக்கும்?" என்றேன். இந்த வாரமே என்றான். இன்னும் ரெண்டு வருசம் என்றேன். கத்தினான், நானும் கத்தினேன். கடைசியில் சீசன் முடிகிற வரை என்று நின்றது. காலையில் கூட்டிவருவது, சாயங்காலம் கூட்டிப்போவது, சோறு, மாத்திரை எல்லாம் என் பொறுப்பு. அம்மா ஒருநாள் தொலைந்தாலும், போணி போணி என்று சரக்கு கரைந்தாலும், அன்றைக்கே வந்து கூட்டிப்போவான். ஒத்துக்கொண்டவன், பை எடுக்கும்போது நின்று சொன்னான்:

"சித்தி, அம்மா உங்களத் திட்டுறதக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வளந்ததே, அந்த உங்களையே நம்பி அம்மாவ விட்டுட்டுப் போறேனே, எனக்கு எதுவும் கோளாறா?"

பின்னாலேயே வருகிற வசவு

முதல் நாளே சிக்கல். வாக்கா போவோம் என்றால் வருவாளா? கதைக்காதவளோடு எப்படி வருவாள்? கெஞ்சினேன், நடக்கவில்லை. வெறுத்துப்போய், "வராட்டிப் போ, இன்னைக்கும் உன் கிராக்கியெல்லாம் எனக்குத்தான்!" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள், வாய் ஓயாமல் ஏசிக்கொண்டு. கூட வரச் சொன்னால் வரமாட்டாள், ஏசுவதற்கு என்றால் மதுரை வரைகூட வருவாள். அன்றிலிருந்து அதுதான் வழி. நான் முன்னால், வசவு பின்னால், வசவுக்குப் பின்னால் அக்கா. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். சத்தம் வருகிற வரை ஆள் பத்திரம், சத்தம் நின்றால்தான் எனக்குப் பகீர் என்னும். பஸ்ஸில் ஏறினதும் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்குவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"டிக்கெட்டும் நீங்களே எடுக்குறீக, திட்டும் நீங்களே வாங்குறீக, இது எந்த ஊரு பேரம்க்கா?"

என் கை, அவள் ஆணி

ஆள் வந்து சேர்ந்துவிடும். போணிக்கு என்ன செய்வது? போணி ஆகிவிட்டது என்று தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்திப் பார்த்தேன். "அத நீ சொல்லாத!" என்றாள். அதுவும் நியாயம்தான். புதுசாக எதைச் சொல்லிக் கொடுத்தாலும் நிற்காது. பழசு மட்டும்தான் நிற்கும். பழசில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஆணி இருக்கிறது. ஹாங்கர் இருக்கிறது. ஹாங்கர் தொங்கினால் போணி ஆகிவிட்டது. இது அவளுக்கு எலும்பில் ஊறின விசயம். அதனால் அவளுக்கு முதல் விற்பனை முடிந்ததும், தகரத்தைச் சுற்றிக் கையை நீட்டி, என் ஹாங்கர் ஒன்றை அவள் ஆணியில் மெல்ல மாட்டினேன். மாட்டும்போது எனக்கே சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எந்தக் காரியத்தைச் செய்யவில்லை என்று இத்தனை வருசம் தொண்டை கிழியக் கத்தினேனோ, அதே காரியம்.

அடுத்த கிராக்கி வந்தது. அக்கா வழக்கம்போல, "நீங்கதான்..." என்று ஆரம்பித்தவள், தற்செயலாகக் கம்பத்தைப் பார்த்தாள். ஹாங்கர் தொங்குகிறது. "அட, போணிதான் ஆயிருச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முதுகு நிமிர்ந்தது. கிராக்கியின் தோளைக் கண்ணாலேயே அளந்தாள், திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு அதே சைசு ஸ்வெட்டரை உருவிப் போட்டாள், விலை சொன்னாள் பாருங்கள், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் எழுந்தான், உட்கார்ந்தான், போகிற மாதிரிப் போனான், அக்கா அசையவில்லை. முதலில் என்னிடம் விலை கேட்டுவிட்டுப் போனவன்தான்; தப்பித்தால் போதும் என்று என் கடைக்கே திரும்பி வந்து சொன்னான்:

"இங்க ஒருத்தருக்குத்தான் எரக்கம் இல்லன்னு நெனச்சேன்க்கா, அங்க உங்களுக்கே வாத்தியாரம்மா உக்காந்திருக்காங்க!"

கையும் ஹாங்கருமாக

சீசன் முழுக்க இப்படியே ஓடியது. அக்கா தொலையவில்லை, சரக்கும் கரையவில்லை. எங்கள் சமாதானம் மட்டும் தினமும் கரைந்தது. சீசன் கடைசி நாள் சரவணன் வெள்ளனே வந்து இறங்கினான். கையில் பெரிய பெரிய சாக்கு, சரக்கைக் கட்டிக்கொண்டு போக. என்ன நல்லது சொன்னாலும் அவன் முகம் இறுகியே இருந்தது. "எத்தன நாளைக்கு சித்தி? உங்களுக்கும் வயசாகுதுல்ல" என்றான். நான் பேரத்தில் தோற்றது அன்றைக்குத்தான். வந்து என் கடையில் உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு முதல் கிராக்கி வந்து போனது. பழக்க தோசம், என் கை தானாக ஹாங்கரை எடுத்தது. தகரத்தைச் சுற்றி நீட்டினேன். ஆணியில் மாட்டினேன். கையை எடுப்பதற்குள் என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. "மாட்டிக்கிட்டா! மாட்டிக்கிட்டா! ஏ அந்தோணி, இங்க வந்து பாரு! சரவணா, பாருடா! நா அன்னைக்கே சொன்னேன்ல! என் ஆணியில ஹாங்கர மாட்டுறது இவதான்!" வரிசையே கூடிவிட்டது. குதிரைக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நான் ஏன் மாட்டுகிறேன், யாருக்காக மாட்டுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேஸ் ஜெயித்தவள் மாதிரி, இருபது வயது குறைந்த மாதிரி, என் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துச் சிரிக்கிறாள். கோபம் எனக்கு எப்போதும் முன்னால் நடக்கும் என்றேன் அல்லவா, அன்றைக்கு முதல் தடவையாக அதை நிறுத்திவிட்டு நான் முன்னால் போனேன். "ஆமாக்கா. இந்த ஹாங்கர நாந்தான் மாட்டுனேன். என்னா செய்யப் போற?" என்றேன்.

"என்னத்தச் செய்ய, மாட்டிட்டுப் போ, கழுத!" என்று கையை உதறினாள். உதறினவள் அப்படியே திரும்பி, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலேயே இரண்டு பேரை உட்கார வைத்து, சால்வையை விரித்தாள். ஹாங்கரை ஒரு பார்வை பார்த்தாள், முழு விலை சொன்னாள். சரவணன் இதையெல்லாம் பார்த்தபடி நின்றான். அவன் கையில் இருந்த சாக்கு ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"திருப்பூர்ல எங்கம்மா இப்படி ஒரு நாளும் சத்தம் போடல சித்தி, சண்டைக்கு ஆள் இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், நான் மாசம் ரெண்டு தடவ வந்துட்டுப் போறேன்."

மறுநாள் காலை

மறுநாள் முன்னால் நடந்தேன். பின்னால் சத்தம் வரவில்லை. பகீர் என்று திரும்பினேன். வந்துகொண்டுதான் இருந்தாள், வாயை மூடிக்கொண்டு. பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கடைக்கு வந்ததும் அந்தோணியை அனுப்பி இரண்டு டீ வாங்கிவரச் சொன்னாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். நேற்று நடந்தது ஞாபகம் இருக்கிறதாக்கா என்று கேட்டேன். நேற்று என்ன நடந்தது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பிறகு என் முகத்தை, ஏதோ சைசு பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒங்கூடச் சண்டைன்னு நல்லா ஞாபகம் இருக்குடி பாக்கியம், கோவந்தான், எங்க வச்சேன்னு தெரியல, கெடைக்க மாட்டேங்குது."

செய்யாத காரியத்துக்கு இத்தனை வருசம் ஏச்சு வாங்கினேன், இப்போது தினமும் அதே காரியத்தைச் செய்துவிட்டு டீ வாங்கிக் குடிக்கிறேன். என் வியாபாரத்தில் இதைவிட லாபமான பேரம் ஒன்று படிந்ததாக எனக்கு ஞாபகமில்லை.